இழந்த நாள்களுக்குரிய கூலி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சேர்வராயன் மலைமக்கள் தங்கள் வாழ்வின் நல்லது கெட்டதுகளைக்கூட அந்த எண்களைக் கொண்டே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஏழாம் வளைவில் பேருந்திலேயே பிள்ளை பிறந்தது என்பார்கள். பத்தாம் வளைவில் வண்டி நின்றுபோய் மணப்பெண்ணே இறங்கித் தள்ளினாள் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு மாலைப் பொழுது. செபமாலை முடிந்து ஆலயக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம். உபதேசியார் மூச்சிரைக்க வந்து நின்றார். “சாமி, பதினான்காம் வளைவில் நம்ம மிளகுக்காரரைக் கார் அடித்துவிட்டது” என்றார்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஊரில் எல்லாரும் அழைப்பது மிளகுக்காரர் என்றுதான். இங்கும் அப்படியே அழைப்போம். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருப்பதை ஏற்காடு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் கொடிகளைக் காய்ப்புக் காலத்துக்குக் குத்தகைக்கு எடுத்து, ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிப் பறித்து, காயவைத்து, செவ்வாய்ப்பேட்டை மண்டியில் விற்பது அவர் தொழில். அன்றும் மிளகை இறக்கிவிட்டு, வெறுஞ்சாக்குகளோடு இருசக்கர வண்டியில் மேலே ஏறிக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. சுற்றுலா வந்து திரும்பிய கார் அந்த விதியை மறந்தது. வலது தொடை எலும்பு முறிந்தது. முழங்கால் மூட்டும் சிதைந்தது.

இரண்டு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. எட்டு மாதங்கள் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. பின்னர் எழுந்தார், கோல் ஊன்றி நடந்தார். ஆனால் முழங்கால் பாதிக்குமேல் மடங்கவில்லை. மூங்கில் ஏணியில் ஏற மடங்காத கால் உதவாது.

நம் பங்கு மக்கள் நல்லவர்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் மாதந்தோறும் அரிசி கொடுத்தார்கள். அன்பியங்களில் உண்டியல் எடுத்தார்கள். ஞாயிறு மன்றாட்டில் அவர் பெயர் சொல்லப்பட்டது. நல்ல சமாரியர் உவமையை நாமும் அந்த மாதத்தில் இருமுறை மறையுரையில் எடுத்துரைத்தோம். சாவடிக்காரனிடம் கொடுக்கப்பட்ட இரண்டு தெனாரியத்தைப் பற்றி உருக்கமாகவே பேசினோம். ஆனால் அந்தக் காயம்பட்ட மனிதன் என்ன தொழில் செய்தான், சாவடியில் படுத்திருந்த நாள்களில் அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா, எழுந்து வீடு திரும்பியபின் அவன் பிழைப்பு என்னவாயிற்று என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

அதைக் கேட்டவர் மிளகுக்காரரின் மனைவி. மே மாதம் ஒருநாள் பங்கு இல்லத்துக்கு வந்து, “சாமி, அரிசி வருகிறது. நன்றிதான். ஆனால் குத்தகைக்குக் கொடுத்த முன்பணம் போயிற்று, கொடியில் இருந்த மிளகும் போயிற்று. இதை யாரிடம் கேட்பது?” என்றார்.

கேட்க வேண்டிய இடம் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, விபத்தில் காயமுற்றவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். காரின் காப்பீட்டு நிறுவனம் அத்தொகையைச் செலுத்த வேண்டும். மருத்துவச் செலவோடு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், இனி உழைக்க இயலாமற்போகும் இழப்பு ஆகிய இரண்டையும் தனித்தனியே கேட்கலாம். ஆனால் 2019ஆம் ஆண்டின் திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நான்கு மாதங்கள் ஏற்கெனவே கழிந்திருந்தன.

மிளகுக்காரர் இணங்கவில்லை. “அடுத்தவன் காசு எதற்கு சாமி? அவனும் வேண்டுமென்றா இடித்தான்? கடவுள் விட்ட வழி” என்றார். அவர் குரலில் பொறுமை இருந்தது, வெட்கமும் இருந்தது. வழக்குப் போடுவது கையேந்துவதுபோல் அவருக்குத் தோன்றிற்று.

அன்று அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். குருமடத்தில் அந்தச் சட்டங்களைப் பழமையானவை என்று விரைவாகக் கடந்து வந்தது நினைவிருக்கிறது. ஒருவன் அடித்ததால் மற்றொருவன் படுக்கையில் விழுகிறான். பிறகு எழுந்து கோல் ஊன்றி வெளியே நடமாடுகிறான். அப்போது அடித்தவன் கொலைப்பழியிலிருந்து தப்புவான். ஆயினும் காயம்பட்டவன் வேலை செய்யாதிருந்த நாள்களுக்கு ஈடு கொடுத்து, அவன் முற்றிலும் குணமாகவும் ஏற்பாடு செய்ய வேண்டும். சீனாய் மலையடிவாரத்தில் நின்ற மக்களுக்கு ஆண்டவர் தந்த நீதி இது. கோல் ஊன்றும் மனிதனைப் பற்றிப் படித்தபோது மிளகுக்காரர் தம் கையிலிருந்த கோலைப் பார்த்தார்.

“அப்படியென்றால் இது பிச்சை இல்லையா சாமி?”

“அரிசி கொடுத்தது அன்பு. இது கூலி” என்றோம். மறுவாரம் மனுவுக்குக் கையெழுத்திட்டார்.

சிக்கல் அதன்பிறகே தொடங்கியது. மாதச் சம்பளக்காரர் விபத்தில் சிக்கினால் நிறுவனம் ஒரு சான்று தரும். சம்பளச் சீட்டு இருக்கும். விடுப்பு எத்தனை நாள் என்று பதிவேடு சொல்லும். தாமே முதலாளியும் தாமே தொழிலாளியுமான ஒருவருக்குச் சான்று தருவது யார்? மிளகுக்காரருக்கு மாத வருமானம் என்பதே கிடையாது. தை முதல் பங்குனி வரை மிளகு. கோடையில் ஏரிக்கரையில் பலாச்சுளையும் கொய்யாவும் விற்பார். மழைக்கு முன்னே தோட்டங்களில் நிழல் மரம் கவாத்துச் செய்யப் போவார். மலைக்குப் பருவங்கள்தான் உண்டு; சட்டத்தின் படிவத்திலோ மாதம் எவ்வளவு என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது.

அந்தக் கட்டத்தில் எழுத ஒரு வழக்கறிஞர் எளிதான வழி சொன்னார். மாதம் 25,000 என்று போடுவோம். நீதிமன்றம் எப்படியும் குறைக்கும். பங்குச் சாமியாரே கடிதம் கொடுத்தால் வலு சேரும் என்றார். மறுத்தோம். மறுத்ததில் சற்றே பெருமிதமும் கொண்டோம். அந்தப் பெருமிதம் எவ்வளவு நாள் நீடித்தது என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

உண்மைத் தொகையைத் தேடினோம். பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் மூன்று மாலைகள் அமர்ந்து, மஞ்சள் பையில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தோம். மண்டிக்காரரின் எடைச்சீட்டுகள் இருந்தன. குத்தகைப் பணம் பெற்றதற்குத் தோட்ட மேலாளர் தந்த ரசீதுகள் இருந்தன. வண்டிக்கடனின் தவணைகளும் மனைவியின் மகளிர் சுயஉதவிக் குழுக் கணக்கும் தவறாமல் கட்டப்பட்டிருந்தன. வருமானம் இல்லாதவர் அப்படிக் கட்ட இயலாது. மிளகு விற்ற தொகை ஆண்டுக்கு 2,10,000 ரூபாய். அதை அப்படியே வருமானம் என்று காட்டுவதும் பொய்தான். குத்தகையும் ஆள்கூலியும் 1,20,000 ரூபாய் கழிய, நின்றது 90,000. பழ வியாபாரத்தில் 30,000. கவாத்துக் கூலி 24,000. ஆக ஆண்டுக்கு 1,44,000, மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம். தம் உழைப்பின் ஆண்டுக் கணக்கை மிளகுக்காரர் அன்றுதான் முதன்முறையாக ஒரே தாளில் பார்த்தார். “நான் இவ்வளவு சம்பாதித்தேனா?” என்று மெல்லக் கேட்டார்.

காகிதமே இல்லாதவர்களுக்கும் நீதி உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 2014இல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், அத்தகையவரிடம் வருமானத்துக்கு ஆவணம் கேட்பது முறையன்று என்று உச்ச நீதிமன்றம் கருதி, மாதம் 6,500 ரூபாயை அவர் வருமானமாக ஏற்றது. 2018இல், இரு கைகளின் பயனையும் இழந்த இளம் தச்சர் ஒருவரின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. தச்சருக்குக் கைகளே தொழில் என்பதை உணர்ந்து, அவருடைய ஊனத்தை முழு ஊனமாகவே கொண்டு ஈடு கணக்கிட்டார்கள். நாசரேத்துத் தச்சரின் விழாவை மே முதல் நாளில் கொண்டாடும் நமக்கு அந்தத் தீர்ப்பு அந்நியமாகத் தோன்றவில்லை.

மருத்துவர் குறிக்கும் ஊன விழுக்காடு வேறு, உழைக்கும் திறனில் நேர்ந்த இழப்பு வேறு என்பதை 2010ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது. இடது கை போனால் ஓட்டுநருக்கும் தச்சருக்கும் ஏறக்குறைய எல்லாமே போகும். அலுவலக எழுத்தருக்கு வேலை நிலைக்கக்கூடும். மடங்காத முழங்கால் நாற்காலியில் அமர்ந்து பணிசெய்பவருக்கு ஒரு தொல்லை. ஏணி ஏறுபவருக்கு அது தொழிலின் முடிவு. மனித உழைப்பின் மதிப்பு செய்யப்படும் வேலையின் வகையிலன்று, அதைச் செய்பவர் மனிதர் என்பதில்தான் முதலில் அடங்கியிருக்கிறது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் கற்பித்தார். அதை நாம் பாடமாகப் படித்திருந்தோம். நீதிமன்றக் காகிதங்களில்தான் அதன் பொருள் நமக்கு விளங்கிற்று.

வழக்கு விசாரணைக்கு வந்தது. மண்டிக்காரர் சாட்சி சொன்னார். நாமும் சாட்சிக் கூண்டில் ஏறினோம். மிளகுக்காரரைப் பத்தாண்டுகளாக அறிவோம், அவர் தொழில் இன்னது, கணக்குப் பார்த்தபோது உடனிருந்தோம் என்று சொன்னோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். இளைஞர், மரியாதையானவர். ஒரு தாளை நம்மிடம் நீட்டினார்.

“இது தங்கள் கையெழுத்துதானே, ஐயா?”

ஆம், நம் கையெழுத்துதான். பங்கின் முத்திரையும் இருந்தது. 2021இல் மிளகுக்காரரின் மகளுக்கு விடுதிக் கட்டணச் சலுகை வேண்டி நாம் எழுதிய சான்று அது. மஞ்சள் பையில் இருந்த எல்லாவற்றையும் அவர் வழக்கறிஞரிடம் கொடுத்தபோது அதன் நகலும் சேர்ந்து போய்விட்டது. மிகவும் ஏழ்மையான குடும்பம், ஆண்டு வருமானம் ரூபாய் 36,000 என்று நம் கையாலேயே எழுதியிருந்தோம்.

“இதில் உள்ளது உண்மையா? இப்போது சொல்வது உண்மையா?”

அந்த அறையில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. அந்த 36,000 எங்கிருந்து வந்தது என்று நாம் நன்றாகவே அறிவோம். அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு பிள்ளைக்கு எழுதிய சான்றிலிருந்து அப்படியே எடுத்து எழுதியது. மிளகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொகை குறைவாக இருந்தால் சலுகை எளிதாகக் கிடைக்கும் என்ற எண்ணம்; திருப்பலிக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரம். அதை இரக்கம் என்றே நினைத்திருந்தோம்.

எப்படியேனும் சமாளிக்க மனம் வழி தேடிற்று. பயிர் மோசமான ஆண்டு என்று சொல்லலாமா? தொழில் பின்னர் வளர்ந்தது என்று சொல்லலாமா? கூண்டுக்கு எதிரே மிளகுக்காரர் கோலைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். ஆம் என்பதற்கு ஆம் என்றும் இல்லை என்பதற்கு இல்லை என்றும் பேசும்படி எத்தனை இளைஞர் கூட்டங்களில் போதித்திருக்கிறோம்!

“சான்றில் உள்ள தொகை உண்மையல்ல, ஐயா. விசாரிக்காமல் எழுதியது. தவறு எழுதியவருடையது, அவருடையதல்ல. இப்போதைய கணக்குக்கு ரசீதுகள் இருக்கின்றன” என்றோம். சொல்லி முடித்தபோது கைகள் நடுங்கின. நம் சாட்சியத்தால் அவருக்கு நன்மை விளைந்ததா கேடு விளைந்ததா என்று தெரியாமலேயே இருபது வளைவுகளையும் ஏறி வந்தோம். வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “சாமி, நீங்கள் எழுதியதை நானும் படித்துத்தான் கொண்டுபோனேன். பிள்ளை படிப்புக்கென்று பேசாமல் இருந்துவிட்டேன்” என்றார்.

2025இல் தீர்ப்பு வந்தது. சான்றைவிட ரசீதுகளையும் மண்டிக்காரரின் சாட்சியத்தையும் தீர்ப்பாயம் மதித்தது. மாதம் 12,000 என்று கேட்டதில் 11,000 ஏற்கப்பட்டது. உழைக்கும் திறனில் இழப்பு 50 விழுக்காடு என்று கொள்ளப்பட்டது. இந்தக் கணக்கு எப்படிப் போகிறது என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. சொந்தத் தொழில் செய்பவர் நாற்பது வயதுக்கு உட்பட்டவராயின், எதிர்கால வளர்ச்சிக்காக வருமானத்தோடு 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு விதித்தது. மரண வழக்கில் பிறந்த அந்த விதி நிரந்தர ஊனமுற்றோருக்கும் பொருந்தும் என்று 2020இல் மற்றொரு தீர்ப்பு கூறிற்று. முப்பத்தாறு முதல் நாற்பது வயது வரை உள்ளவருக்கு ஆண்டுத் தொகையைப் பதினைந்தால் பெருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா வழக்கு தந்த அட்டவணை. 11,000 ரூபாயோடு 40 விழுக்காடு சேர்த்தால் 15,400. ஓர் ஆண்டுக்கு 1,84,800. பதினைந்தால் பெருக்கினால் 27,72,000. அதில் பாதி 13,86,000. எட்டு மாதச் சிகிச்சைக் காலத்துக்கு 88,000 தனி. மருத்துவச் செலவு தனி.

அன்றிரவு தூக்கம் வராமல் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தோம். தீர்ப்பாயம் நம் சான்றை நம்பியிருந்தால் மாதம் 3,000 ரூபாய். அதே வழியில் கணக்கிட்டால் கிடைப்பது 3,78,000. நாம் அவசரத்தில் எழுதிய ஒரு வரிக்கு இருந்திருக்கக்கூடிய விலை பத்து இலட்சத்து எட்டாயிரம் ரூபாய். அது ஒரு குடும்பத்தின் எஞ்சிய வாழ்க்கை.

விடுதிப் பொறுப்பாளரான அருள்சகோதரிக்கும் கடிதம் எழுதி, மிளகுக்காரரின் உண்மையான வருமானத்தைத் தெரிவித்து மன்னிப்புக் கேட்டோம். அந்த வருமானத்துக்கும் சலுகை உண்டு என்று பதில் வந்தது. நாம் எழுதிய பொய்க்குத் தேவையே இருக்கவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, மிகைப்படுத்திச் சொல்வது பொய் என்று நமக்கு எளிதில் விளங்குகிறது. குறைத்துச் சொல்வதும் பொய்தான் என்பது ஏனோ விளங்குவதில்லை. ஏழை என்ற சொல்லை எழுதிவிட்டால் இரக்கம் நிறைவேறிற்று என்று எண்ணுகிறோம். அந்தச் சொல்லுக்கு அடியில் ஒரு மனிதர் விடியலில் எழுந்து ஏணி தூக்கிச் சென்ற நாள்களெல்லாம் புதைந்துபோகின்றன. தையற்காரர், ஆட்டோ ஓட்டுநர், பூக்கட்டும் பெண், இட்லிக்கடை வைத்திருக்கும் விதவைத் தாய் ஆகியோருக்குச் சம்பளச் சீட்டு தருவார் யாருமில்லை. அவர்கள் உழைப்பைக் கண்ணால் கண்ட அயலார்தான் அவர்களுடைய சம்பளச் சீட்டு. அந்தச் சீட்டில் உண்மையான தொகை இருக்க வேண்டாமா?

எனவே இல்லங்களில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். அன்றன்று வந்ததையும் போனதையும் எழுதுங்கள். ரசீதுகளை எறியாதீர்கள், இயன்றவரை பணம் வங்கிக் கணக்கின் வழியே வரட்டும். விபத்து நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, மருத்துவமனைக் காகிதங்கள் ஆகியவற்றின் நகல்களை உடனே வாங்கி வையுங்கள். ஆறு மாத எல்லையை மறவாதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், நம் மலையின் மலையாளிப் பழங்குடியினரைப் போன்ற பட்டியல் பழங்குடி மக்களுக்கும் அங்கே வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

நாமும் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். சான்று கேட்டு வருபவரை இப்போது அமரச் சொல்கிறோம். என்ன வேலை, எந்தப் பருவத்தில், எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறோம். திருப்பலிக்குச் சற்றுத் தாமதமானாலும் ஆண்டவர் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறோம்.

மிளகுக்காரர் இப்போது ஏணி ஏறுவதில்லை. வந்த தொகையில் ஒரு பகுதியை வங்கியில் வைப்பாகப் போட்டுவிட்டு, மீதியில் தராசு ஒன்றும் உலர்களம் ஒன்றும் அமைத்து, மற்றவர்கள் பறிக்கும் மிளகை வாங்கி விற்கிறார். சென்ற தை மாதம் அவர் களத்துக்குப் போயிருந்தோம். ஓர் இளைஞன் மூட்டையை இறக்கிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினான். மிளகுக்காரர் கோலை நீட்டி அவனை நிறுத்தினார்.

“தம்பி, சீட்டு வாங்கிக்கொண்டு போ. பத்திரமாக வைத்துக்கொள்” என்றார்.